மெழுகும் தண்ணீரும்

தூத்துக்குடி - மதுரை பைபாஸ் ஓரம் ஒரு லாரிப் பட்டறை. காலை ஏழு மணி. உப்பு ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குக் கிளம்பிய பத்துச் சக்கர வண்டி ஒன்று, பாதி வழியிலேயே திரும்பி வந்து நிற்கிறது.

"அண்ணாச்சி, மேட்டுல ஏற மாட்டேங்கு. ஆக்சிலேட்டர அமுக்குனா மூச்சு முட்டுன மாதிரி திணறுது."

"ஃபில்டர்ல தண்ணி எப்பம்ல எறக்குன?"

"எறக்கலையே அண்ணாச்சி. லைட்டு ஒண்ணும் எரியலையே."

"லைட்டு எரியட்டும்னு காத்துக் கெடந்தியாக்கும். அந்த பாட்டில எடு."

பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலை ஃபில்டரின் அடியில் பிடித்துக்கொண்டு, கீழ்த் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினார் மெக்கானிக். முதலில் வந்தது டீசல் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்த நீர். அதன் பின்னால் பாசி நூல் மாதிரி பழுப்பாக ஏதோ வழுவழுவென்று இறங்கியது. பிறகுதான் பொன்னிறத்தில் டீசல் வந்தது. பாட்டிலை ஒரு கல்லின் மேல் வைத்தார். ஐந்து நிமிடத்தில் உள்ளே கோடு கிழித்தது போல இரண்டு அடுக்கு: மேலே டீசல், கீழே தண்ணீர். தண்ணீர் ஒரு டம்ளருக்கு மேல் இருக்காது. சுமையோடு சேர்த்து 28 டன் எடையுள்ள வண்டியை நிறுத்த அது போதுமானதாக இருந்தது.

இதே மாதிரியான வண்டி, இதே மாதிரியான ஃபில்டர், இதே திணறல். ஆனால் இடம் மட்டும் காஷ்மீர், மாதம் ஜனவரி என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே பிசுபிசுவென்று வெள்ளையாக மெழுகு அப்பியிருக்கும். நம் ஊர் லாரிக்கும் காஷ்மீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டியதில்லை. கோவில்பட்டி வழியாகப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது. தீப்பெட்டியோடு வடக்கே போய் ஆப்பிளோடு திரும்புகிற தமிழ்நாட்டு லாரிகள் உண்டு. முப்பது டிகிரிக் கடற்கரையில் ஒரு வாரத்துக்கு முன்னால் நின்ற வண்டி, பனிஹால் கணவாய்ப் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போய் நிற்கும். ஓட்டுநருக்குப் போர்வை இருக்கிறது. டேங்கில் இருக்கும் டீசலுக்கு என்ன இருக்கிறது? இந்த அத்தியாயம் அதைப் பற்றியதுதான்.

முதலில் சமையலறைக்குப் போவோம். மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தால் அடியில் வெண்மையாகக் கலங்கல் தெரியும். தூத்துக்குடியில் அந்த நேரத்தில் வெப்பநிலை இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள். முதலில் தெளிவு போய்க் கலங்கும். அந்த நிலையில் டீ வடிகட்டியில் ஊற்றினால் எண்ணெய் இறங்கும், ஆனால் வடிகட்டியின் கண்களில் வெண்மை தங்கிவிடும். இன்னும் கொஞ்சம் விட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கடைசியில் பாட்டிலையே கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது.

டீசலுக்கும் அப்படியே மூன்று படிகள் உண்டு. நாம் அவற்றைக் கலங்குநிலை, அடைப்புநிலை, ஓடாநிலை என்று வைத்துக்கொள்ளலாம். வண்டி ஓட்டுபவருக்கு முக்கியமானது நடுவில் இருப்பது. டீசல் முழுதும் கட்டியாகும் வரை எந்த வண்டியும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. டேங்கைக் குலுக்கினால் உள்ளே டீசல் சளசளவென்று ஆடும். ஆனால் ஃபில்டர் தாண்டி ஒரு துளி போகாது. "டீசல் நல்லாத்தானே இருக்கு" என்று ஓட்டுநர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

கலங்குவது எது? டீசல் ஒரே ஒரு பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் கார்பன் அணுக்கள் கிளை விடாமல் ஒரே வரிசையில் கோத்த நேர்ச்சங்கிலிகளும் இருக்கின்றன. பதினாறு கார்பன் கொண்ட சங்கிலி தனியாக இருந்தால் 18 டிகிரிக்குக் கீழே திடப்பொருள். பதினெட்டு கார்பன் என்றால் 28 டிகிரி. இருபது கார்பன் என்றால் 36 டிகிரிக்கும் மேல். அதாவது தூத்துக்குடி வெயிலிலேயே அது மெழுகுவர்த்தியின் சொந்தக்காரன். அப்படியானால் டேங்கில் ஏன் திரவமாக இருக்கிறது? உப்பளத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்புக் கல்லை உருக்க 801 டிகிரி வேண்டும். ஆனால் கடல்நீரில் அது சத்தமில்லாமல் கரைந்து கிடக்கிறது. பாத்தியில் நீர் வற்றி, இனிக் கரைத்து வைத்திருக்க முடியாது என்ற கட்டம் வந்ததும் உப்பு பூக்கிறது. டீசலில் மெழுகும் கரைந்துதான் கிடக்கிறது. அங்கே வற்றுவது நீர். இங்கே வற்றுவது சூடு. சூடு குறையக் குறைய, கரைத்து வைத்திருக்கும் திறனும் குறைகிறது. நீளமான சங்கிலிகள் முதலில் பூக்கின்றன.

அந்த மெழுகை ஆலையிலேயே எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். இங்கேதான் டீசலின் பெரிய முரண்பாடு இருக்கிறது. நேர்ச்சங்கிலிகள்தான் அழுத்தியதும் சட்டென்று பற்றிக்கொள்பவை. டீசலின் தரத்தைச் சொல்லும் சீட்டேன் எண்ணில், நூறு மதிப்பெண் வாங்கும் பொருள் எது தெரியுமா? மேலே சொன்ன பதினாறு கார்பன் சங்கிலி. சீட்டேன் என்பது அதன் பெயர்தான். முதல் மதிப்பெண் வாங்கும் எரிபொருள் 18 டிகிரியில் உறைந்துபோகிறது! மெழுகை அடியோடு நீக்கினால் குளிரில் ஓடும், ஆனால் எரியச் சுணங்கும். அதனால்தான் எந்த ஊருக்கு, எந்த மாதத்துக்கு எவ்வளவு மெழுகை விட்டுவைக்கலாம் என்று ஆலைகள் கணக்குப் போடுகின்றன.

நம் நாட்டில் அந்தக் கணக்கு ஐ.எஸ். 1460 என்ற தர நிர்ணயத்தில் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம்; மற்ற எட்டு மாதமும் கோடை. அடைப்புநிலை கோடையில் 18 டிகிரியைத் தாண்டக் கூடாது, குளிர்காலத்தில் 6 டிகிரியைத் தாண்டக் கூடாது. இதை அளக்கும் முறை எளிமையானது, அழகானது. டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்விப்பார்கள். ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் 45 மைக்ரான் கண்ணுள்ள கம்பி வலை வழியாக 20 மில்லி டீசலை மெல்ல உறிஞ்சுவார்கள். 60 விநாடிக்குள் குழாய் நிறையவில்லை என்றால் அந்த வெப்பநிலையைக் குறித்துக்கொள்வார்கள். தேங்காய் எண்ணெயும் டீ வடிகட்டியும் வைத்து நாம் செய்ததன் ஒழுங்கான வடிவம்தான் இது.

6 டிகிரி என்பது பூஜ்யத்துக்கு மேலே என்பதைக் கவனியுங்கள். ஆலைகள் பல நேரம் அதைவிட நல்ல டீசலைத் தரக்கூடும்; ஆனால் சட்டம் உறுதி தருவது அவ்வளவுதான். சமவெளிக்கு அது போதும். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி விடியலுக்கே அந்த உறுதி எட்டாது. லடாக்குக்கு எப்படி எட்டும்?

தூத்துக்குடியில் நிரப்பிய டீசல் காஷ்மீர் வரை போகுமா என்றும் பார்த்துவிடலாம். 350 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 1,400 கிலோமீட்டர். நாக்பூரைத் தொடுவதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஆகவே வில்லன் நம் ஊர் டீசல் அல்ல. ஜம்முவிலோ பதான்கோட்டிலோ சமவெளி பங்க்கில் மாலை நிரப்பிக்கொண்டு, இரவோடு இரவாக மலை ஏறுவதுதான் ஆபத்து. வண்டி ஓடும்வரை பிரச்சினை தெரியாது. இன்ஜினுக்குப் போய் எரியாமல் திரும்பும் டீசல் சூடாகவே டேங்குக்கு வருவதால், டேங்க் ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும். ரோட்டில் பனி கொட்டி வாகனங்களை நிறுத்திவிட்டால், ஒரே இரவில் எல்லாம் மாறிவிடும்.

அந்த இரவுக்கு முன்னால் செய்யக்கூடியது என்ன? இங்கேதான் டீசலில் கலக்கும் மருந்துகள் வருகின்றன. லாரிக்காரர்கள் 'அடிட்டிவ்' என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

குளிருக்கான அடிட்டிவ் மெழுகை நீக்குவதில்லை, கரைப்பதில்லை. இது பலருக்கு வியப்பாக இருக்கும். அது செய்வதைப் புரிந்துகொள்ள தூத்துக்குடியைவிட நல்ல இடம் கிடையாது. மன்னார் வளைகுடா முத்துப் பார்களில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. பிறகு 1973-இல், தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி அழகர்சாமி தலைமையில் சிப்பிக்குள் செயற்கையாகக் கரு வைத்து உருண்டை முத்தை விளைவித்தார்கள். சிப்பிக்குள் ஒரு சிறு மணி. அதன் மேல் சிப்பி தன் பளபளப்பை அடுக்கடுக்காகப் பூசுகிறது. ஒரு கரு, ஒரு முத்து. அதே பூச்சுப் பொருளை ஒரு லட்சம் கருக்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? கண்ணுக்கே தெரியாத ஒரு லட்சம் தூசிகள் கிடைக்கும். முத்து வியாபாரிக்கு அது நஷ்டம். டீசலுக்கோ அதுதான் வேண்டும்.

தானாக விட்டால், குளிரும் டீசலில் ஆங்காங்கே சில கருக்கள் மட்டும் தோன்றும். அவற்றின் மேல் மெழுகு சேர்ந்து, அகலமான தட்டைப் பலகைகளாக வளரும். நான்கு பலகை ஃபில்டர் கண்ணில் சரிந்து விழுந்தால் சுவர் எழும்பிவிடும். அடிட்டிவின் ஒரு பகுதி எண்ணற்ற கருக்களைத் தருகிறது. இன்னொரு பகுதி வளர்ச்சியைத் தடுக்கிறது. அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது எத்திலீன் வினைல் அசிடேட் வகைப் பாலிமர். பெயர் பெரிதாக இருந்தாலும் அது நமக்கு அந்நியமில்லை. காலில் போடும் ஈ.வி.ஏ. செருப்பின் அடிப்பாகமும், கைவினைக்காரர்கள் உருக்கி ஒட்டும் பசைக்குச்சியும் அதே குடும்பம்தான். அந்தப் பாலிமரின் நேரான பகுதி மெழுகைப் போலவே இருப்பதால், வளரும் பலகையில் மெழுகு என்று நினைத்து இடம் கிடைத்துவிடும். உட்கார்ந்த பிறகு அதன் பக்கவாட்டுக் கிளை துருத்திக்கொண்டு நிற்கும். அடுத்த மெழுகுச் சங்கிலி வந்து ஒட்ட இடமில்லை. பலகைக்குப் பதில் சின்னஞ்சிறு ஊசிகள், மணிகள். அவை ஃபில்டரில் படிந்தாலும் இடையில் டீசல் கசிந்து போக வழி இருக்கும். மெழுகு டீசலைவிடச் சற்றுக் கனமானது. வண்டி இரண்டு நாள் நின்றால் அது மெல்ல டேங்கின் அடியில், உறிஞ்சு குழாய் இருக்கும் இடத்திலேயே படியும். அதைத் தடுக்கவும் தனி அடிட்டிவ் உண்டு.

இவ்வளவுக்கும் தேவைப்படும் அளவு, பத்து லட்சம் பங்கு டீசலுக்குச் சில நூறு பங்கு. 350 லிட்டர் டேங்குக்கு ஒரு டீ கிளாஸ் அளவு. ஆனால் ஒரு நிபந்தனை. மெழுகு பூப்பதற்கு முன்னால், டீசல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கலந்துவிட வேண்டும். கரு வைப்பவர் முத்து வளர்ந்த பிறகு வந்து என்ன செய்ய முடியும்? பனியில் நின்றுபோன வண்டியின் டேங்கில் அடிட்டிவ் பாட்டிலைக் கவிழ்ப்பது காசைக் கவிழ்ப்பதுதான். உறைந்த மெழுகைக் கரைக்கக்கூடிய கரைப்பான் வகைகள் தனியாக இருக்கின்றன. அவை அவசர மருந்து, அன்றாட உணவல்ல.

பாட்டிலை நம்புவதைவிடச் சரியான டீசலை நம்புவது மேல் என்பது என் கருத்து. லடாக்குக்கு அந்த டீசல் 2019 நவம்பரில் வந்தது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் இந்தியன் ஆயில் தயாரித்த குளிர்காலத் தனி டீசல் மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் நிற்காதது. லே, கார்கில், காஸா, கீலாங் போன்ற ஊர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதுவரை அங்கே ஓட்டியவர்கள் டீசலில் மண்ணெண்ணெய் கலந்தார்கள். டேங்கின் கீழே நெருப்பு மூட்டினார்கள். இரவு முழுவதும் இன்ஜினை அணைக்காமல் விட்டார்கள்.

மண்ணெண்ணெய் வேலை செய்யும் என்பது உண்மை. அதில் நீளச் சங்கிலிகள் குறைவு என்பதால் மெழுகு நீர்த்துப்போகும். ஆனால் மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு போதாது. பம்ப்பையும், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலையும் டீசலேதான் உயவிட வேண்டும். வேறு எண்ணெய் அங்கே போவதில்லை. மேலும் 2020 ஏப்ரல் முதல் நாடு முழுதும் வந்த பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கூடாது. மண்ணெண்ணெயில் அதைப் போலப் பல மடங்கு இருக்கும். புதிய வண்டிகளின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கியை அது கெடுத்துவிடும். கலப்படம் சட்டப்படி குற்றமும்கூட. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றியிருப்பதே அதைக் கண்டுபிடிக்கத்தான். பெட்ரோல் கலப்பது இன்னும் மோசம். எளிதில் தீப்பற்றும் டேங்க்கைக் கட்டிக்கொண்டு மலை ஏறுவதாகிவிடும். பயோடீசல் கலந்த டீசலிலும் கவனம் வேண்டும். பாமாயிலிலிருந்து செய்த பயோடீசல் தனியாக இருந்தால் 15 டிகிரி வாக்கிலேயே கலங்கத் தொடங்கும்.

மலையில் இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. பல வண்டிகளில் முதலில் ஃபில்டரை அடைப்பது மெழுகே அல்ல; தண்ணீர். பூஜ்யம் டிகிரியில் அது பனிக்கட்டியாகிவிடுகிறது. கீழே எங்கோ டேங்கில் சேர்ந்த தண்ணீர் மேலே போய்க் கல்லாகிறது. அதனால்தான் குளிர்ப் பிரச்சினையைப் பேசத் தொடங்கிய நாம் மறுபடியும் கடற்கரைக்கே, பட்டறையின் அந்த வெட்டிய பாட்டிலுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. தூத்துக்குடியில் மெழுகு எதிரி அல்ல. இங்கே எதிரி தண்ணீர், பன்னிரண்டு மாதமும்.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஏன் இவ்வளவு பயம்? இன்றைய காமன்ரெயில் இன்ஜின்களில் டீசல் 1,600 முதல் 2,000 பார் அழுத்தத்தில் நாசிலுக்குப் போகிறது. அந்த எண்ணை உணர ஒரு வழி சொல்கிறேன். முத்துக்குளிப்பவர் பத்துப் பாகம் ஆழம், அதாவது 18 மீட்டர் இறங்கினால், கடல் அவர் மார்பின் மேல் வைக்கும் கூடுதல் அழுத்தம் 1.8 பார். அதற்கே காது வலிக்கும், நெஞ்சு இறுகும். இன்ஜின் பம்ப் கொடுப்பது அதைப் போல ஆயிரம் மடங்கு. அந்த அழுத்தத்தில் டீசல் ஒழுகாமல் இருக்க வேண்டுமானால், நாசில் ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையில் உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான் இருக்கலாம். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்த இடுக்கில் டீசலுக்குப் பதில் தண்ணீர் புகுந்தால் வழவழப்பு போய் உலோகத்தோடு உலோகம் உரசும். சூட்டில் ஆவியாகி நாசில் முனையை அரிக்கும். வண்டி நிற்கும்போது துருப் பிடிக்கும்.

இதைத் தடுப்பதற்குத்தான் இரண்டு ஃபில்டர்கள். முதலாவது தண்ணீரைப் பிரிப்பது. டீசல் தண்ணீரைவிட லேசானது. லிட்டருக்கு சுமார் 830 கிராம். எனவே தண்ணீர் அடியில் இறங்க வேண்டும். ஆனால் நுண்துளிகள் இறங்க நாள் கணக்காகும். டீசலோ ஃபில்டரில் சில விநாடிகள்தான் தங்குகிறது. அதற்காகத் தண்ணீர் ஒட்டாதபடி பதப்படுத்திய தாள் அங்கே இருக்கிறது. டீசல் ஊடுருவிப் போகும். நுண்துளிகள் வெளியே நின்று ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு கிண்ணத்தில் விழும். இரண்டாவது ஃபில்டர் நான்கைந்து மைக்ரான் தூசியையும் பிடிக்கிறது.

ஃபில்டர் என்றால் சல்லடை என்று நினைப்பது சரியல்ல. முத்துச்சிப்பியைப் பாருங்கள், அதுவே ஒரு ஃபில்டர்தான். நாள் முழுதும் கடல்நீரைச் செவுள்களின் வழியே ஓட்டி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சளியில் ஒட்டவைத்துப் பிடிக்கிறது. தாள் ஃபில்டரும் பெருமளவு அப்படியே. பின்னிக் கிடக்கும் நார்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகும்போது தூசி நாரில் உரசி ஒட்டிக்கொள்கிறது. கண்ணைவிடச் சிறிய தூசியும் இதனால் சிக்கும். பழையதாக ஆக ஆக, படிந்த அழுக்கே இன்னொரு ஃபில்டராகி இன்னும் நுண்ணியதைப் பிடிக்கும். கூடவே டீசல் போகும் வழியும் குறுகும்.

தண்ணீரைப் பிரிக்கும் தாளுக்குப் பெரிய பகைவன் சோப்புத் தன்மையுள்ள பொருட்கள். தண்ணீரை நுண்துளிகளாகச் சிதறடித்து டீசலோடு சேர்த்து எரித்துவிடுவதாகச் சொல்லி விற்கும் அடிட்டிவ்கள் உண்டு. பழைய பம்ப் வண்டிக்கு அது ஒத்துப்போயிருக்கலாம். காமன்ரெயில் வண்டியில் அதை ஊற்றவே கூடாது என்பேன். ஃபில்டர் வெளியே தள்ள வேண்டிய தண்ணீரை அது கைபிடித்து நாசில் வரை அழைத்துப் போகிறது. தண்ணீரை எரிக்க வேண்டாம். பிரித்து வெளியே விட வேண்டும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 'பாதி டேங்கில் காற்று குளிர்ந்து தண்ணியாகுது' என்று எல்லாரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். டேங்க் ஏறக்குறைய காலியாகி, உள்ளே 300 லிட்டர் காற்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த கடற்காற்று ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் நீராவியைத் தாங்கும். இரவில் 22 டிகிரிக்கு இறங்கினால் 19 கிராம்தான் தாங்கும். மிச்சம் 11 கிராம். 300 லிட்டருக்கு மூன்று கிராமும் கொஞ்சமும். ஒரு சிறு கரண்டிகூட இல்லை. ஒவ்வொரு இரவும் அப்படியே நடந்தாலும் மாதத்துக்கு நூறு கிராம். ஆகவே இரவுக் காற்று தண்ணீர் சேர்க்கிறது என்பது உண்மை. ஒரே வாரத்தில் சேர்ந்த ஒரு டம்ளருக்கு அது மட்டும் காரணம் என்பது பொய். மீதி, ரப்பர் வளையம் தேய்ந்த டேங்க் மூடி வழியாக மழையில் இறங்கியது. தண்ணீர் பீய்ச்சி வண்டி கழுவும்போது போனது. கேனில் வாங்கி ஊற்றிய டீசலோடு வந்தது. சில நேரம் பங்க்கின் தரையடித் தொட்டியிலிருந்தே வந்தது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் டேங்க்கை அடியோடு இறக்கிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்வது இன்ஜினைக் கொல்வது.

கடலோரத்துத் தண்ணீருக்கு இன்னொரு குணமும் உண்டு: உப்பு. உப்பில் சோடியம் இருக்கிறது. டீசலில் ஆலை சேர்க்கும் சில அடிட்டிவ்களிலும், பயோடீசலின் எச்சத்திலும் கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. சோடியமும் கொழுப்பு அமிலமும் சேர்ந்தால் என்ன வரும்? சோப்பு. நாசில் ஊசியின் மேல் ஒன்றிரண்டு மைக்ரான் சோப்புப் படலம் படிந்தால் போதும், ஊசி ஒட்டிக்கொள்ளும். தாள் ஃபில்டர் தூசியைப் பிடிக்கும். கரைந்து வரும் சோடியத்தைப் பிடிக்காது. உப்புத் தண்ணீரை டேங்கிலேயே தங்கவிடாமல் இறக்கிவிடுவது ஒன்றே வழி.

பாட்டிலில் இறங்கிய பழுப்பு நூல் என்ன என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அது உயிருள்ளது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன. தண்ணீரில் குடியிருந்துகொண்டு டீசலைத் தின்கின்றன. அவற்றுக்குப் பிடித்தது வெதுவெதுப்பு, அசையாத தொட்டி, சில வாரங்கள். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பாதி நிறைந்த டேங்க், அடியில் உப்புத் தண்ணீர், மேலே அக்கினி நட்சத்திர வெயில். பூஞ்சைக்கு இதைவிட நல்ல பண்ணை அமையாது. தடை முடிந்து முதல் நாள் நடுக்கடலில் ஃபில்டர் அடைத்து நிற்கும் படகுகளின் கதைக்கு விதை இங்கேதான் விழுகிறது. கிருமிநாசினி அடிட்டிவ் ஊற்றினால் அவை சாகும். செத்த உடல்கள் மொத்தமாகக் கிளம்பி ஃபில்டரை அடைக்கும். அதனால் முதலில் தண்ணீரை இறக்கி டேங்க்கைக் கழுவிவிட்டு, பிறகுதான் மருந்து. தண்ணீர் இல்லாத டேங்கில் அவை வளரவே முடியாது என்பதை மருந்துக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

பட்டறைக்குத் திரும்புவோம். மெக்கானிக் புது ஃபில்டரைப் பிரித்தார். உதவிக்கு நின்ற பையன் கேனிலிருந்து டீசலை அதன் நடுத் துளையில் ஊற்றப்போனான். ஏர் லாக் ஆகாமல் இருக்க எல்லாப் பட்டறையிலும் செய்கிற வேலைதான் இது. மெக்கானிக் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"நடுவுல ஊத்துனா வடிகட்டாத டீசல் நேரா பம்ப்புக்குப் போகும்ல. காலியா மாட்டு. கை பம்ப்ப அடி."

பையன் வியர்க்க வியர்க்க ஐம்பது தடவை கை பம்ப்பை அமுக்கினான். ஏர் எடுத்து முடித்ததும் வண்டி ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது.

வடக்கே மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சமவெளி டீசலை ஓட்டித் தீர்த்துவிட்டு, குளிர்கால டீசல் கிடைக்கும் முதல் பங்க்கில் நிரப்புங்கள். அடிட்டிவ் ஊற்றுவதானால் ஏறுவதற்கு முன்பே, டீசல் சூடாக இருக்கும்போதே ஊற்றுங்கள். டேங்கின் கீழே நெருப்பு மூட்டாதீர்கள். கடற்கரையில் ஓட்டுகிறவர்கள் இரவு வண்டி நிறுத்தும்போது டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள், மூடி வளையத்தை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். காலையில் செல்ஃப் அடிக்கும் முன், இரவெல்லாம் அசையாமல் நின்றதில் தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும் அந்த நேரத்தில், ஃபில்டரின் கீழ்த் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, வருவதை ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சேர்ந்ததைச் சொல்லும் விளக்கு எரியும் வரை காத்திருக்க வேண்டாம்.